கோழிக்கூண்டு பூட்ஸ்: ஒரு அண்டார்டிகா பயண ஏற்பாட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே, சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சின்னப் பட்டணத்தில் டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் ஒரே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிற ஊரில் 'ஓய்வு பெற்ற டீச்சர்' என்று சொன்னாலே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். என் பிழைப்பு பெரும்பாலும் சென்னை, திருச்சி டிக்கெட், தைப்பூசத்துக்கு பஸ், வருடத்துக்கு இரண்டு தடவை காசி ராமேஸ்வரம் குழு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கடைக்கு 2024 மார்ச்சில் ஒரு நாள் சாயங்காலம் டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். "தம்பி, பென்குயின் பார்க்கணும். மிருகக்காட்சி சாலையில இல்ல, அது இருக்கிற இடத்துல. வழி இருக்கா?"

டீச்சருக்கு அப்போது 66 வயது. முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர், எனக்கும் சொல்லிக்கொடுத்தவர். கணவருக்கு 71, தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் ஊரில் அவரை டிரஸ்ஸரையா என்றுதான் கூப்பிடுவார்கள். காசு சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளுடையது. ஆசை டீச்சருடையது. வகுப்பில் ஒரு படம் தொங்கும், பனிக்கட்டி மேல் பனிக்கரடியும் பென்குயினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். டீச்சர் அதன் நடுவில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு கிழித்து, "இது வடக்கு, இது தெற்கு, ரெண்டும் ஜென்மத்துக்கும் பார்த்துக்காது" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். 1980களில் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் ஐநாவில் அண்டார்டிகா உலகத்துக்கே பொதுச் சொத்து என்று வாதாடியதையும் அதே மூச்சில் சொல்வார். அந்தப் பேச்சு பேசிய மலேசியா 2011-இல்தான் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. டீச்சர் அதற்கும் முன்பே சேர்ந்துவிட்டார் என்று நாங்கள் கிண்டல் செய்வது வழக்கம்.

பயணம் நடந்தது 2025 ஜனவரியில். நான் கப்பலில் போகவில்லை. டீச்சர் எழுதிவைத்த நோட்டு, புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய குரல் பதிவுகள், திரும்பி வந்தபின் அவர்கள் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டது, இவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். இருவருக்கும் சம்மதம். தவறு பெரும்பாலும் என்னுடையது என்பதால் எனக்கும் சம்மதம்.

ஏன் தெற்கு, ஏன் ஜனவரி

மகளுக்கு முதலில் தோன்றியது வடக்கு. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போனால் பனிக்கரடி, வால்ரஸ், கோடையில் அஸ்தமிக்காத சூரியன் எல்லாம் உண்டு, பயணமும் குறைவு. நான் விசாரித்தபோது 2025 ஜனவரி முதல் அங்கே விதி இறுகப்போகிறது என்று தெரிந்தது. பனிக்கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். டீச்சர் கணக்குப் போட்டார்: "முன்னூறு மீட்டர்னா நம்ம ஸ்கூல் திடல் மாதிரி மூணு. கரடியா ஆட்டுக்குட்டியான்னு எப்படித் தெரியும்?" கரடியின் நல்லதுக்கு அந்தத் தூரம் சரிதான். ஆனால் கண் கொஞ்சம் மங்கிய இருவருக்கு அது நல்ல காட்சியாக இருக்காது. பென்குயின் பக்கம் விதி 5 மீட்டர். நாம்தான் அதை நெருங்கக்கூடாது, அதுவாக நம்மிடம் நடந்து வந்தால் அது அதன் இஷ்டம்.

மாதம் எடுப்பதில் ஒரு சிறு விவாதம். நவம்பரில் பனி புத்தம் புதிதாக இருக்கும், பென்குயின்கள் ஜோடி சேர்ந்து கல் பொறுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலம் அதிகம். குஞ்சு பார்க்க ஜனவரிதான். டீச்சர் குஞ்சு என்றார், பேச்சு முடிந்தது.

கப்பல் அளவில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன், அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். அங்கே 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்காது, பார்த்துக்கொண்டே போய்விடும். அதற்குக் குறைவான கப்பலிலும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது, ஆகவே ஆள் கூடக் கூட முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். 160 பேர் கொண்ட கப்பல் ஒன்று கிடைத்தது. அர்ஜென்டினாவின் தென்கோடி உசுவாயாவில் ஏறி அங்கேயே இறங்கும் 11 நாள் பயணம். விமானம் தவிர ஒருவருக்கு நாற்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு நல்ல நிலைமையில் பழைய கார் வாங்கலாம்.

ஏற்பாடுகள்

கப்பல் நிறுவனம் ஜூன் மாதம் மூன்று தாள் அனுப்பியது: மருத்துவப் படிவம், உடை பட்டியல், பயண நிரல். மூன்றிலும் நான் ஒவ்வொரு விதத்தில் கோட்டை விட்டேன்.

மருத்துவப் படிவத்தை ஃபோனில் கேட்டு நானே நிரப்பினேன். டிரஸ்ஸரையாவுக்குச் சர்க்கரை உண்டு என்பது ஊருக்கே தெரியும். "மாத்திரைதான் தம்பி, கண்ட்ரோல்ல இருக்கு" என்றார், அப்படியே எழுதினேன். அது ஜூனில் உண்மை. அக்டோபரில் அரசு கிளினிக்கில் அவருக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிசம்பரில் ஒரு தடவை "ஐயா, உடம்பு எப்படி?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லாருக்கு" என்றார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மனுஷரிடம் போய் இதற்கு மேல் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். இன்சுலின் உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான், குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவி வேலை செய்யாது என்பதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படிவம் பழையதாகிவிட்டது என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

இதில் காப்பீடும் மாட்டிக்கொண்டிருந்தது. அண்டார்டிகா தீபகற்பத்தில் ஒருவருக்கு உடம்பு மோசமானால் இரண்டே வழிதான்: கப்பலே திரும்பி, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் கடலைக் கடக்க வேண்டும், அல்லது கிங் ஜார்ஜ் தீவில் உள்ள சிலி நாட்டு ஓடுதளத்திலிருந்து, வானம் விட்டால், விமானத்தில் தூக்கிப் போக வேண்டும். செலவு நோயாளி தலையில். அதற்குத்தான் பெரிய தொகைக்குக் காப்பீடு கேட்கிறார்கள். காப்பீட்டுத் தாளிலும் நான் 'மாத்திரை' என்றே எழுதியிருந்தேன்.

உடை பட்டியலில் பெரிய சிக்கல் இல்லை. தடிமனான மேல்கோட்டைக் கப்பலே கொடுத்தது, ரப்பர் பூட்ஸும் கடனாகக் கொடுக்கும். ஆனால் டீச்சரின் கால் அளவு 34. கப்பலில் 36-க்குக் கீழே இல்லை. சொந்தமாகக் கொண்டு வரலாம், முழங்காலுக்குக் கீழ் வரை உயரம் இருக்க வேண்டும், தண்ணீர் புகக்கூடாது, அடிப்பாகம் வழுக்கக்கூடாது என்றார்கள். "வீட்ல ஒரு பூட்ஸ் இருக்கு தம்பி, பேத்தி போட்டது, கரெக்டா இருக்கும்" என்றார் டீச்சர். "அப்ப சரி டீச்சர், எதுக்கு வீண் செலவு" என்றேன். நாற்பதாயிரம் வெள்ளி பயணத்தில் நான் மிச்சம் பிடித்தது முப்பத்தைந்து வெள்ளி. இந்த வரியை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

அந்த பூட்ஸை நான் பார்க்கவே இல்லை. பேத்தி அதை விட்டு நாலு வருடம் ஆயிற்று; அதைப் போட்டுக்கொண்டுதான் டீச்சர் தினமும் காலையில் பின்கட்டில் கோழிக்குத் தீனி போடுகிறார், வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை ஓரமாகப் போய் கீரை பறிக்கிறார். துணியும் பூட்ஸும் சுத்தமாக இருக்க வேண்டும், மண், விதை எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது என்று பட்டியலின் கடைசியில் எழுதியிருந்தது. நான் அதை டீச்சரிடம் படித்துக் காட்டினேன். டீச்சர் பூட்ஸைக் குழாயடியில் வைத்து நன்றாகக் கழுவினார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்ததாம்.

பயண நிரல் கதை வேறு மாதிரி. விளம்பரத் தாளில் இருந்த இடப்பெயர்களை எடுத்து, நாள் 4 ஹாஃப் மூன் தீவு, நாள் 5 கியூவர்வில் தீவு, நாள் 6 நெக்கோ துறைமுகம் என்று அட்டவணை போட்டு, லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். காசி குழுவுக்கும் அப்படித்தான் கொடுப்பேன். டீச்சருக்கு ரொம்பப் பிடித்தது. காற்றும் பனியும் பார்த்து அன்றன்றைக்கு மாற்றுவார்கள் என்பது தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, அதை நான் அட்டவணையில் சேர்க்கவில்லை.

டிரேக்கில் முதல் நாள்

உசுவாயாவில் ஏறிய அன்று இரவு கடல் அமைதி. மறுநாள் விடியும்போது கப்பல் டிரேக்கில் இருந்தது. தென் அமெரிக்காவின் கோடிக்கும் தென் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவில் சுமார் 800 கிலோமீட்டர், இடையில் அலையைத் தடுக்க ஒரு மேடு கிடையாது. டீச்சர் நோட்டில் அன்றைக்கு ஒரே வரி: "நாற்காலி தானாக நடக்கிறது."

காதுக்குப் பின்னால் ஒட்டும் வாந்தித் தடுப்பு மருந்தை டிரஸ்ஸரையா போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குச் சிறுநீர் அடைப்புத் தொந்தரவு உண்டு, அந்த மருந்து அதைக் கூட்டிவிடலாம் என்பதால் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அது சரியான முடிவு. பிறகு நடந்தது வேறு. காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டு பசியாறப் போனார், ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார், அரை மணி நேரத்தில் அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. ஊசி உள்ளே, சாப்பாடு வெளியே. பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. கடல் மயக்கம் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தார். கணவரிடம் அவர் பெயரைக் கேட்டதற்கு வேறு ஏதோ சொன்னபோதுதான் டீச்சர் கருவியை எடுத்துக் குத்திப் பார்த்தார்: 3.1. எங்கள் ஊர் மில்லிமோல் கணக்கில் அது ரொம்பத் தாழ்வு. சர்க்கரை போட்ட தேநீர் கொடுத்தார், அதுவும் நிற்கவில்லை. கப்பல் மருத்துவரை அழைத்தார்.

மருத்துவர் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினார். மதியத்துக்குள் 7-க்கு மேல் வந்துவிட்டது. அப்புறம் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு மருத்துவர் கேட்ட கேள்வியை டீச்சர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். இன்சுலின் என்று தெரிந்திருந்தால் கடல் ஆட்டம் தொடங்கும் முன்பே உங்களைக் கூப்பிட்டு அளவைக் குறைக்கச் சொல்லியிருப்பேனே, ஏன் சொல்லவில்லை? டிரஸ்ஸரையா பதில் சொல்லவில்லையாம். நாற்பது வருடம் மற்றவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டவர்.

மருத்துவர் எடுத்த முடிவு: சாப்பாடு நிலையாகத் தங்கும் வரை ஊசி அளவு குறையும், முதல் இரண்டு நாள் கரை இறங்கக் கூடாது. காரணத்தையும் விளக்கினார். கரையில் நிற்கும்போது மயக்கம் வந்தால் ரப்பர் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுவர நேரம் ஆகும், மேல்கோட்டு, உயிர்காப்புச் சட்டை எல்லாம் கழற்றினால்தான் ஊசி போட முடியும். டிரஸ்ஸரையா மறுபேச்சு பேசவில்லை.

பூட்ஸ் சோதனை

மூன்றாம் நாள் சோதனை. கரை இறங்கும்போது போடப்போகும் அத்தனையையும், மேலுடை, கையுறை, பை, ஊன்றுகோல், கேமரா முக்காலி என்று ஒன்று விடாமல், எல்லாரும் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஊழியர்கள் வேக்குவம் மெஷின், பிரஷ், முள்வாங்கி வைத்துக்கொண்டு பாக்கெட் மூலை, ஒட்டுப்பட்டை, தையல் ஓரம் எல்லாம் நோண்டுகிறார்கள்.

எதற்கு இவ்வளவு என்று எனக்கும் பிறகுதான் புரிந்தது. அண்டார்டிகாவுக்குச் சொந்தமான பூக்கும் செடி மொத்தமே இரண்டுதான், ஒரு புல், ஒரு சிறு பாசி மாதிரியான செடி. உலகம் முழுக்க நடைபாதை ஓரத்தில் முளைக்கும் ஒரு சாதாரணப் புல் மனிதர்களோடு ஒட்டிப் போய், 1980களிலேயே கிங் ஜார்ஜ் தீவில் வேர் பிடித்துவிட்டது, பிடுங்கப் பிடுங்க வருகிறது. ஒப்பந்த நாடுகளின் சுற்றுச்சூழல் உடன்படிக்கை 1991-இல் கையெழுத்தானது, 1998-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உயிருள்ள கோழியோ வேறு பறவையோ அங்கே கொண்டுபோகக் கூடாது. பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களைக்கூட 1994 ஏப்ரலுக்குள் வெளியேற்றிவிட்டார்கள். இதற்கு மேல் பறவைக் காய்ச்சல். எச்5என்1 வகை 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியா தீவுக்கும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா தீபகற்பத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதன் பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது.

டிரஸ்ஸரையாவின் கால்சட்டை மடிப்பிலிருந்து பதினோரு கெமுஞ்சுப் விதை எடுத்தார்கள். நம் ஊர்த் திடலில் நடந்தால் கால்சட்டையில் ஊசி ஊசியாகக் குத்திக்கொள்ளுமே, அந்த ஒட்டுப்புல். இரண்டு தடவை மெஷினில் துவைத்த கால்சட்டை அது. டீச்சரின் தோள்பை முன் அறையில் கோயில் திருநீற்றுப் பொட்டலம், அதோடு காய்ந்த துளசி, மூலையில் நாலைந்து கடுகு. டீச்சர் ஆசிரியர் இல்லையா, சும்மா இருக்கவில்லை: சூடான நாட்டுப் புல் இந்தக் குளிரில் முளைக்குமா என்று கேட்டார். முளைக்காமல் போகலாம், ஆனால் எது முளைக்கும் எது முளைக்காது என்று இங்கே நின்று தரம் பிரிக்க முடியாது, மண்ணோடு வரும் கிருமியைக் கண்ணால் பார்க்கவும் முடியாது என்றாராம் சோதித்த பெண். டீச்சருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. திருநீறும் துளசியும் கேபினிலேயே இருக்கட்டும், கரைக்கு வேண்டாம் என்றார்கள். சரி என்றார்.

கடைசியில் பூட்ஸ். அடிப்பள்ளங்களில் செம்மண் இருந்தது, அதைக் குத்தி எடுத்தார்கள். உள்ளே துணி அடுக்கு ஒரு பக்கம் கிழிந்து, அதற்குள்ளும் விதை. அப்போது அந்தப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார்: இந்தக் காலணியோடு பண்ணைக்கோ கால்நடை இருக்கும் இடத்துக்கோ போனீர்களா? டீச்சர் யோசிக்கவே இல்லை. "தினமும் கோழிக்கூண்டுக்குப் போவேன்."

பூட்ஸ் அங்கேயே நின்றது. மேற்பார்வையாளர் வந்தார், பயணத் தலைவர் வந்தார். தேய்த்துக் கிருமிநாசினியில் முக்கினார்கள், ஆனாலும் கிழிந்த துணிக்குள் இருப்பதை உத்தரவாதமாகச் சுத்தம் செய்ய முடியாது என்று முடிவு. மஞ்சள் அட்டை கட்டி, பிளாஸ்டிக் பையில் மூடி, கிடங்கில் வைத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும்போதுதான் தருவோம் என்றார்கள். 36 அளவு பூட்ஸில் இரண்டு காலுறை போட்டு நடந்து பார்த்தார் டீச்சர். குதிகால் தூக்கிக்கொண்டு வந்தது. படகிலிருந்து வழுக்குப் பாறையில் கால் வைக்கும் இடத்தில் இது ஆபத்து என்று தலைவர் மறுத்துவிட்டார்.

அவர்கள் எடுத்த எந்த முடிவிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. டீச்சர் பொய் சொல்லியிருந்தால் பூட்ஸ் ஒருவேளை தேறியிருக்கும் என்று என் மனைவி சொன்னாள். டீச்சரைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கரை இறங்கிய நாட்கள்

நாள் 4, ஹாஃப் மூன் தீவு. தாடைக்குக் கீழே தொப்பிப் பட்டை கட்டின மாதிரி கறுப்புக் கோடு உள்ள சின்ஸ்ட்ராப் பென்குயின்கள் அங்கே கூட்டமாக உண்டு. எல்லாரும் முறை வைத்துப் போனார்கள். டீச்சரும் டிரஸ்ஸரையாவும் ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து பைனாகுலரில் பார்த்தார்கள். "அழுதேன் தம்பி" என்று மூன்று வாரம் கழித்துச் சொன்னார், சொல்லும்போது சிரித்துக்கொண்டே. அன்றைய குரல் பதிவில் எனக்கு அனுப்பியது வேறு: "எல்லாம் நல்லபடியா இருக்கு தம்பி, கவலைப்படாதே." நானும் அதை நம்பி மகளுக்கு அப்படியே அனுப்பினேன்.

வழி பிறந்தது சலவைப் பகுதியில். அறை சுத்தம் செய்யும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி, டீச்சர் உயரமே இருப்பாள். டீச்சர் மலாயில் கண்ணைக் காட்டி 'மாத்தா' என்றதும் அவளும் 'மாத்தா' என்றாளாம். அனாக், லீமா, சாக்கிட் என்று இரண்டு மொழிக்கும் பொதுவான சொல் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து இருவரும் சிரித்திருக்கிறார்கள். பூட்ஸ் கதையைக் கேட்டு, ஊழியர்களுக்கென்று கொடுத்த தன் பூட்ஸைக் கொண்டுவந்தாள். அளவு 35, கப்பலை விட்டு வெளியே போகாத பூட்ஸ், சோதனையில் உடனே தேறியது. டீச்சர் இறங்கும் நேரமெல்லாம் அவளுக்கு உள்ளே வேலை என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நான் ஆறு மாதத்தில் தீர்க்காததை அவள் பத்து நிமிடத்தில் தீர்த்தாள்.

நாள் 5, கியூவர்வில். வெள்ளைப் புருவம் மாதிரித் தலையில் பட்டை உள்ள ஜென்டூ பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிற தீவு. இங்கே டீச்சர் நோட்டு பக்கம் பக்கமாக நிறைகிறது. முதலில் நாற்றம்: "பெலாச்சான் காயப்போட்ட இடத்தில் கோழிப்பண்ணை வைத்த மாதிரி." பெலாச்சான் என்பது இறால் விழுது. தின்பது கிரில் என்னும் சின்ன இறால் வகை, அதனால் எச்சமும் இளஞ்சிவப்பு. கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து பனியில் பள்ளமாகப் பாதை போட்டிருக்கின்றன. அந்தப் பாதையை மனிதன் மிதிக்கக்கூடாது, அவை வந்தால் நின்று வழிவிட வேண்டும். நம் கால் பனியில் புதைந்து குழி விழுந்தால் அதை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும், இல்லாவிட்டால் பென்குயின் அதில் விழுந்துவிடும். இரண்டு குஞ்சு வைத்திருந்த ஒரு கூட்டை டீச்சர் நாற்பது நிமிடம் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் வந்து கல்லைத் திருடுவதும், தாய் திரும்பியதும் அவன் ஒன்றும் தெரியாதவன்போல் நிற்பதும், ஸ்குவா என்னும் பெரிய பழுப்புப் பறவை மேலே வட்டமிடும்போது மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் தலையைத் திருப்புவதும் நேரம் போட்டு எழுதியிருக்கிறது. பரிசோதனைக் குறிப்பு எழுதச் சொல்லி எங்களைப் படுத்திய அதே முறையில், கவனித்தது ஒரு பக்கம், ஊகம் இன்னொரு பக்கம்.

டிரஸ்ஸரையா நாள் 6 முதல் இறங்கினார். அவருக்கு இடைஞ்சல் வேறு திசையிலிருந்து வந்தது. பறவைக் காய்ச்சல் காரணமாகக் கரையில் உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, பையைக் கீழே வைக்கக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. முட்டி வலியுள்ள 71 வயது மனிதர் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே இருக்க முடியாது. அரை மணியில் அடுத்த ரப்பர் படகில் திரும்பிவிட்டார், அது அனுமதிதான், படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும். ஆனால் நெக்கோவில் பனியாறு இடிந்து கடலில் விழுந்த காட்சியை அவர் கப்பலிலிருந்து பார்த்தார், டீச்சர் கரை மேட்டிலிருந்து பார்த்தார். அலை எழும் என்பதால் தண்ணீர் ஓரத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று முன்பே மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள்.

நாள் 7-இல் என் லேமினேட் அட்டவணை முழுசாகச் செத்தது. லமேர் கால்வாயைப் பனிப்பாறைகள் அடைத்திருந்தன, கப்பல் திரும்பியது. பிற்பகல் காற்று, இறக்கம் ரத்து. டீச்சர் அட்டவணையில் சிவப்புப் பேனாவால் இரண்டு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் '0' என்று மதிப்பெண்ணும் போட்டிருந்தார். அது கப்பலுக்கு இல்லை, எனக்கு.

நாள் 8, டிசெப்ஷன் தீவு. எரிமலை வாய்க்குள் கடல் புகுந்த இடம், கப்பலே உள்ளே போகும். கடைசியாக வெடித்தது 1970-இல். திமிங்கில எண்ணெய் காய்ச்சிய பழைய நார்வேக்காரக் கொப்பரைகள் கரையில் துருப்பிடித்து நிற்கின்றன. அங்கே 1931-இல் வேலை நின்றுபோயிற்று. "நம்ம தோட்டத்துப் பழைய புகைவீடு மாதிரியே இருக்கு, ஆளும் போயாச்சு, வாசமும் போயாச்சு" என்பது டிரஸ்ஸரையா அனுப்பிய ஒரே குரல் பதிவு. புகைவீடு என்றால் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடம்.

திரும்பியபின்

ஆறு தடவை இறங்க வாய்ப்பு இருந்தது. டீச்சர் ஐந்தில் இறங்கினார், டிரஸ்ஸரையா மூன்றில். உயிருக்கு ஆபத்து நேரவில்லை, காப்பீட்டைத் தொட வேண்டியதும் வரவில்லை. வந்திருந்தால், இன்சுலினைத் தெரிவிக்கவில்லை என்று அவர்கள் கைவிரிக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. அதை நினைத்தால் மற்றதெல்லாம் சின்ன விஷயம். மகள் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினாள், நியாயமாகத்தான் பேசினாள். கடைக் கமிஷனைத் திருப்பித் தந்தேன். வேண்டாம் என்றார்கள், வற்புறுத்திக் கொடுத்தேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தால் அறியாமை பாதிதான் காரணம். காசிக்குப் போகும் யாரோ ஒரு அம்மாவிடம் "மருந்துப் பையைத் திறங்க" என்று நான் கூச்சமில்லாமல் கேட்பேன். டீச்சரிடம் கேட்க வாய் வரவில்லை. என் கையெழுத்தைத் திருத்தியவரின் பூட்ஸைத் திருப்பிப் பார்ப்பதா? டிரஸ்ஸரையாவிடம் ஊசி போடுகிறீர்களா என்று விசாரிப்பதா? 'எல்லாம் சரியா டீச்சர்?' என்று கேட்டேன், 'சரி தம்பி' என்றார்கள். நலம் விசாரித்தேனே தவிர எதையும் சரிபார்க்கவில்லை. இதை டீச்சரிடமே சொன்னேன். "கேட்டிருந்தா காமிச்சிருப்பேனேடா" என்றார். அவர் என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இப்போது செய்வது

குளிர்ப் பிரதேசப் பயணம் பிறகு ஒன்றே ஒன்றுதான் வந்தது, ஆனாலும் முறையை மாற்றிவிட்டேன். மருத்துவப் படிவத்தை ஃபோனில் நிரப்புவதில்லை, வீட்டுக்குப் போய் மருந்துப் பையையும் கிளினிக் அட்டையையும் மேசையில் வைத்துக்கொண்டு நிரப்புகிறேன், கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது அதே மேசையில் மறுபடி. மாற்றம் இருந்தால் கப்பலுக்கும் காப்பீட்டுக்கும் அன்றே எழுதுகிறேன். பூட்ஸ், கால்சட்டை, பை மூன்றும் புதிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நான் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். சின்னக் கால் உள்ளவர்களுக்கு ஈப்போவில் பிள்ளைகள் பிரிவிலேயே 34 அளவில் நல்ல ரப்பர் பூட்ஸ் கிடைக்கிறது. உட்கார முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன், முட்டி வலிக்காரர்கள் அப்போதே யோசிக்கட்டும். அட்டவணை கிடையாது. 'போகக்கூடிய இடங்கள்' என்று ஒரு தாள், லேமினேட் இல்லாமல்.

இதில் நஷ்டமும் உண்டு. போன வருடக் கடைசியில் வந்த ஒரு தம்பதியிடம் மருந்துப் பையைக் கேட்டதும் கணவருக்கு முகம் மாறிவிட்டது. "டிக்கெட் போடத்தானே வந்தோம், செக்கப்புக்கா வந்தோம்?" என்று எழுந்து, ஈப்போவில் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் தடுத்து வேறு எப்படிக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த பூட்ஸ் டீச்சர் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது. போன வாரம் முட்டை வாங்கப் போனபோது பார்த்தேன், கப்பலில் கட்டிய மஞ்சள் அட்டையைக்கூடக் கழற்றாமல் அதைப் போட்டுக்கொண்டுதான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.